போன வாரம்தானே ஈ.சி.ஜி. எடுத்தார்?

ஒருவருக்கு மாரடைப்பு என்று செய்தி வந்ததும், கூடியிருப்பவர்களில் ஒருவராவது சொல்லிவிடுவார்: “போன வாரம்தானே ஈ.சி.ஜி. எடுத்தார், எல்லாம் நார்மல்னு சொன்னாங்களே!” அந்தக் குரலில் அதிர்ச்சியோடு ஒரு குற்றச்சாட்டும் கலந்திருக்கும். மருத்துவர் கோட்டை விட்டுவிட்டார், இல்லையென்றால் மெஷின் சரியில்லை. பெரும்பாலும் இரண்டுமே உண்மையில்லை. அந்த ஈ.சி.ஜி. தன்னிடம் கேட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொல்லியிருக்கும். கேட்காத கேள்விகளுக்கும் சேர்த்து நாம்தான் அதிலிருந்து பதில் எடுத்துக்கொண்டோம்.

“இதயம் நன்றாக இருக்கிறதா?” என்று மொத்தமாகக் கேட்கும் பரிசோதனை ஒன்றுகூடக் கிடையாது. மின் ஓட்டம் ஒழுங்காக இருக்கிறதா, தசை சரியாகச் சுருங்குகிறதா, வால்வு முழுக்க மூடுகிறதா, ரத்தக்குழாயில் அடைப்பு உண்டா, இருந்தால் அதனால் தசைக்கு ரத்தம் போதாமல் போகிறதா, ஏற்கெனவே தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருக்கிறதா என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள். ஒரு கேள்விக்குக் கிடைத்த ‘நார்மல்’ இன்னொரு கேள்விக்குச் செல்லாது.

ஈ.சி.ஜி. பார்ப்பது மின்சாரத்தை. மார்பில் ஆறு, கைகால்களில் நான்கு என்று பத்து இடங்களில் லீட் மாட்டி, இதயத்துக்குள் ஓடும் மின் அலையைப் பன்னிரண்டு கோணங்களிலிருந்து வரைகிறார்கள். வழக்கமாகக் காகிதம் நொடிக்கு 25 மி.மீ. வேகத்தில் நகரும். வீட்டில் பழைய ஈ.சி.ஜி. தாள் இருந்தால் எடுத்துப் பாருங்கள்: சின்னக் கட்டம் ஒன்று 0.04 நொடி, தடித்த கோட்டுக்குள் இருக்கும் பெரிய கட்டம் 0.2 நொடி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு உயரமான கூர்முனைகளுக்கு இடையே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று தெரிந்துவிடும். நான்கு கட்டம் என்றால் 75. தாள் முழுவதும் சேர்ந்தால் பத்து நொடிதான். ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கும் உறுப்பின் ஒரு டஜன் துடிப்பு அதில் பதிவாகியிருக்கிறது.

இந்தக் கோட்டுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்தவர் நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன். அவருடைய கருவி 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத்தண்ணீர் நிரப்பிய பாத்திரங்களில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மெஷினை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால், 1905-இல் ஒன்றரை கி.மீ. தள்ளியிருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக நோயாளியின் இதய மின்சாரத்தைத் தன் ஆய்வகத்துக்கு வரவழைத்துப் பதிவு செய்தார். 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று மணிக்கட்டில் கட்டும் வாட்ச் செய்வது அவர் வேலையின் ஒரு சிறு துண்டைத்தான்: ஒரே ஒரு கோணம். அது துடிப்பின் ஒழுங்கைச் சொல்லும். மாரடைப்பைக் கண்டுபிடிக்க அதை நம்ப முடியாது.

சரி, குழாயில் அடைப்பு இருந்தும் ஈ.சி.ஜி. ஏன் நார்மலாக வருகிறது? உடல் ஓய்வாக இருக்கும்போது இதயத் தசைக்குத் தேவைப்படும் ரத்தம் குறைவு. சோதனைக்கூடத்தில் அளந்து பார்த்ததில், குழாயின் விட்டம் சுமார் 85 சதவீதம் வரை குறுகினாலும் ஓய்வு நேர ரத்த ஓட்டம் பெரிதாகக் குறைவதில்லை. படி ஏறும்போதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதும்தான் நான்கைந்து மடங்கு ரத்தம் தேவைப்படுகிறது. அப்போதுதான் குறை வெளியே வரும். கட்டிலில் மல்லாந்து படுத்திருப்பவரிடம் அந்தக் குறை எப்படித் தெரியும்?

அதே ஈ.சி.ஜி., வலி இருக்கும்போது எடுத்தால் உயிர் காக்கும் கருவியாகிவிடுகிறது. நெஞ்சுவலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்து ஒரு மருத்துவர் பார்த்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள நெறிமுறை. கோட்டில் எஸ்ஸுக்கும் டிக்கும் நடுவே உள்ள எஸ்.டி. பகுதி மேலே தூக்கியிருந்தால் ஒரு பெரிய குழாய் முழுக்க மூடிவிட்டது என்று பெரும்பாலும் பொருள். வேறு எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் குழாயைத் திறக்கும் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே முதல் ஈ.சி.ஜி. தெளிவாக எதையும் காட்டாமல் போவதும் உண்டு. அதனால்தான் வலி தொடர்ந்தால் சிறிது நேரம் விட்டு மறுபடி மறுபடி எடுக்கிறார்கள். சில சமயம் முதுகுப்பக்கமும் லீட் வைக்கிறார்கள். தாளின் மேல் மூலையில் கம்ப்யூட்டரே அச்சடித்துத் தரும் வரியைப் படித்துவிட்டு நிம்மதியடைவதோ பதறுவதோ வேண்டாம். அந்த வரி அடிக்கடி தப்பும்.

படபடப்பு, திடீர் மயக்கம் போன்றவை வந்து வந்து போகும் ரகம். பத்து நொடியில் அகப்படாது. அதற்கு ஹோல்டர்: 24 அல்லது 48 மணி நேரம் உடம்பிலேயே மாட்டியிருக்கும் சின்னப் பெட்டி. அமெரிக்காவின் மொன்டானாவில் நார்மன் ஹோல்டர் முதலில் செய்த கருவியை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது, 38 கிலோ. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் மயங்கி விழுபவருக்கு 48 மணி நேரமும் போதாது. அவர்களுக்குத் தோலுக்கடியில் வைக்கும் ரெக்கார்டர் இருக்கிறது. வருடக் கணக்கில் காத்திருந்து பதிவு செய்யும். ஹோல்டர் மாட்டியிருக்கும்போது எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள், எப்போது படபடத்தது என்று எழுதச் சொல்லி ஒரு தாள் கொடுப்பார்கள். பலர் அதை வெறுமையாகவே திருப்பிக் கொடுக்கிறார்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் பாதிப் பரிசோதனை வீண்.

நெஞ்சுவலிக்காரரின் ரத்தத்தில் தேடுவது ட்ரோபோனின். இதயத் தசையின் செல்லுக்குள் இருக்க வேண்டிய புரதம் இது. செல் சேதமானால் ரத்தத்தில் கசியும். வலி தொடங்கி இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறத் தொடங்கும். ஒரு வாரம், பத்து நாள் வரைகூட ஏறியே இருக்கும். வலி வந்த அரை மணியில் ஓடிவருபவருக்கு முதல் ரத்தத்தில் ஒன்றும் இல்லாமல் போகலாம். அதனால் ஒரு மணி முதல் மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கிறார்கள். “ஒரே டெஸ்ட்டை ரெண்டு தடவை எடுத்து பில்லை ஏத்துறாங்க” என்று வெளியே பெஞ்சில் முணுமுணுப்பு கேட்கும். உண்மையில் அந்த இரண்டாவது ஊசியில்தான் விஷயமே இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்கள், நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி உள்ளவர்கள், கடும் தொற்றில் இருப்பவர்கள், மாரத்தான் ஓடி முடித்தவர்கள் ஆகியோருக்கும் ட்ரோபோனின் ஏறியிருக்கலாம். தனி எண்ணைவிட, அது ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதுதான் முக்கியம். இன்னொன்று: தசை சேதமானால்தான் ட்ரோபோனின் ஏறும். நடக்கும்போது மட்டும் நெஞ்சு இறுகி, நின்றால் சரியாகிவிடுபவருக்கு மூன்று குழாயில் அடைப்பு இருந்தாலும் ட்ரோபோனின் நார்மலாக இருக்கலாம்.

மூச்சிரைப்போடு வருபவருக்கு இன்னொரு ரத்தப் பரிசோதனை, பி.என்.பி. முதல் எழுத்தான ‘பி’ மூளையை (பிரெய்ன்) குறிக்கிறது. 1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றியின் மூளையில் கண்டெடுத்ததால் வந்த பெயர். பிறகுதான் இதயமே இதன் முக்கிய ஊற்று என்று தெரிந்தது. பெயர் அப்படியே நின்றுவிட்டது. அளவு மில்லி லிட்டருக்கு 100 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால், மூச்சிரைப்புக்கு இதயச் செயலிழப்பு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. உடல் பருமன் உள்ளவர்களுக்கு இந்த எண் இயல்பாகவே குறைந்து வரும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

எக்கோ தசையையும் வால்வையும் பார்ப்பது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள், ஜில்லென்று ஜெல் தடவுவார்கள், விலா எலும்புகளின் இடுக்கில் கருவியை அழுத்துவார்கள். இருட்டறையில் திரையில் வால்வு திறந்து மூடுவது தெரியும். கதிர்வீச்சு கிடையாது, வெறும் ஒலி. 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் முதன்முதலில் இதைச் செய்தபோது பயன்படுத்தியது, கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கருவியைத்தான். இரவல் வாங்கி வந்து ஹெர்ட்ஸின் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார்கள் என்றால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அந்தக் காலத்து ஆய்வாளர்கள் அப்படித்தான்.

எக்கோ ரிப்போர்ட்டில் எல்லோருடைய கண்ணும் போய் நிற்கும் இடம் ஈ.எஃப். “பம்பிங் எவ்வளவு?” என்று கேட்பது இதைத்தான். 60 சதவீதம் என்றதும் முகம் வாடிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மீதி 40 சதவீதம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது பரீட்சை மார்க் இல்லை. இடது கீழறையில் 100 மி.லி. ரத்தம் நிறைந்தால் ஒரு துடிப்பில் 60 மி.லி. வெளியே போகிறது, மீதி உள்ளேயே தங்குகிறது என்றுதான் பொருள். ஆரோக்கியமான இதயமும் முழுக்கக் காலி செய்வதில்லை. 55-லிருந்து 70 வரை இயல்பு. 40 அல்லது அதற்குக் கீழே போனால்தான் தெளிவான குறைவு. பார்ப்பவரைப் பொறுத்தும் இந்த எண் ஐந்து, பத்து புள்ளி மாறும். போன வருடம் 60, இந்த வருடம் 55 என்பதை வைத்துத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். மறுபக்கம், ஈ.எஃப். நன்றாக இருந்தும் இதயச் செயலிழப்பு வரலாம். அந்நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த வகை: சுருங்கும் தசை விறைத்துப்போய், தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாமல் திணறுகிறது. ‘ட்ரிவியல்’ (மிகச் சிறிய) வால்வு கசிவு என்று எழுதியிருப்பது ஆரோக்கியமானவர்களிடமும் சகஜம். இவ்வளவும் காட்டும் எக்கோவுக்கு ரத்தக்குழாய் அடைப்பு நேராகத் தெரியாது. முன்பு மாரடைப்பு வந்து தசையின் ஒரு பகுதி அசையாமல் நின்றால் அதிலிருந்து ஊகிக்கலாம். அவ்வளவுதான்.

அடைப்பைத் தேட இதயத்தை வேலை வாங்க வேண்டும். அதுதான் டிரெட்மில் டெஸ்ட். சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் 1963-இல் வகுத்த முறைதான் இன்றும் பரவலாக இருக்கிறது. மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 சதவீதச் சரிவு என்று தொடங்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் ஏறும். முதல் கட்டத்தில் பேசிக்கொண்டே நடப்பவர் மூன்றாம் கட்டத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம் துடிப்பை எட்டுவது இலக்கு. எஸ்.டி. பகுதி ஒரு மி.மீ. அல்லது அதற்கு மேல் கீழே இறங்கினால் ‘பாசிட்டிவ்’.

இங்கேதான் மனிதர்கள் அதிகம் குழம்புகிறார்கள். மருத்துவம் படித்தவர்களும் விதிவிலக்கல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அடைப்பு உள்ளவர்களில் சுமார் 68 சதவீதத்தினரை இந்த டெஸ்ட் பிடிக்கிறது. அடைப்பு இல்லாதவர்களில் சுமார் 77 சதவீதத்தினரைச் சரியாக ‘இல்லை’ என்று விடுகிறது. இப்போது ஒரு கணக்கு. எந்தத் தொந்தரவும் இல்லாத இளவயதினர் 1,000 பேர். அவர்களில் 50 பேருக்கு அடைப்பு என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் 34 பேரைப் பிடிக்கும். மீதி 950 நல்ல இதயங்களில் ஏறக்குறைய 218 பேருக்குத் தவறாகப் ‘பாசிட்டிவ்’ காட்டும். ஆக, பாசிட்டிவ் வந்த ஏழெட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய்.

அடுத்து, நடந்தால் நெஞ்சு இறுகும், நின்றால் விடும் என்று சொல்லும் ஆயிரம் பேர். அவர்களில் பாதிப் பேருக்கு, அதாவது 500 பேருக்கு, அடைப்பு என்று கொள்வோம். பாசிட்டிவ் வரும் 455 பேரில் 340 பேருக்கு நோய் உண்மை. ‘நெகட்டிவ்’ என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போகும் 545 பேரிலோ 160 பேருக்கு அடைப்பு இருக்கிறது.

மெஷின் ஒன்றுதான், முடிவும் ஒன்றுதான். யாருக்குச் செய்தோம் என்பதைப் பொறுத்து அதன் பொருள் தலைகீழாகிறது. 1979-இல் டைமண்ட், ஃபாரஸ்டர் என்ற இரு மருத்துவர்கள் வயது, பாலினம், வலியின் தன்மை ஆகியவற்றை வைத்து இந்தக் கணக்கை இதய மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் முன்பே கேட்கும் மூன்று கேள்விகள் அதிலிருந்து வருகின்றன. நெஞ்சின் நடுவே இறுக்கமாக இருக்கிறதா? நடந்தாலோ கோபம் வந்தாலோ வருகிறதா? ஓய்வெடுத்தால் சில நிமிடத்தில் விடுகிறதா? கேஸ் பிராப்ளம் என்று நாமே முடிவு கட்டி இந்தப் பதில்களை மழுப்பினால், அடுத்து வரும் எல்லா டெஸ்ட்டும் இருட்டில் கல்லெறிவதுதான். தாடை வலி, மூச்சிரைப்பு, குமட்டல், காரணமில்லாத அசதி என்று வரும் பெண்களுக்கு இந்த மூன்று கேள்வியும் போதாது. அவர்களுக்கு டிரெட்மில்லும் தவறாகப் பாசிட்டிவ் காட்டுவது அதிகம்.

என்னைக் கேட்டால் டிரெட்மில் ரிப்போர்ட்டில் மிகப் பயனுள்ள வரி பாசிட்டிவ், நெகட்டிவ் இல்லை. எத்தனை நிமிடம் நடந்தார் என்பதுதான். வலியில்லாமல் பத்து நிமிடம் நடந்தவருக்கும் மூன்று நிமிடத்தில் நின்றுவிட்டவருக்கும் எதிர்காலம் வேறு.

நடக்க முடியாதவர்களுக்கு ஊசி போட்டு இதயத்தைத் தூண்டி எக்கோ பார்க்கலாம். டெக்னீஷியம் போன்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எந்தப் பகுதிக்கு ரத்தம் குறைகிறது என்று படமெடுக்கலாம். இரண்டாவதற்கு முன்னால் காபி, டீ கூடாது என்பார்கள். சொன்னபடி கேளுங்கள், அப்போது ரத்தக்குழாயை விரிக்கக் கொடுக்கும் மருந்தின் வேலையைக் காஃபீன் கெடுத்துவிடும். எம்.ஆர்.ஐ.யின் சிறப்பு தழும்பைக் காட்டுவது. செத்த தசை அதில் வெள்ளையாக ஒளிரும்.

சி.டி. ஸ்கேனில் இரண்டு வகை, இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் அதிகம். கால்சியம் ஸ்கோர் என்பது ஊசியில்லாமல், குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பை எண்ணுவது. 1990-இல் ஆர்தர் அகாட்ஸ்டன் வகுத்த கணக்கு. தொந்தரவு எதுவும் இல்லாதவருக்குப் பூஜ்யம் வந்தால் நல்ல செய்தி. நெஞ்சுவலியோடு வரும் இளவயதுப் புகைப்பழக்கக்காரருக்குப் பூஜ்யம் வந்தால் நம்பிவிட முடியாது. சுண்ணாம்பு படியாத மென்மையான கொழுப்புத் திட்டு இந்தக் கணக்கில் வராது. மற்றது சி.டி. ஆஞ்சியோ. துடிப்பைக் குறைக்க மாத்திரை கொடுத்து, கையில் சாயம் ஏற்றுவார்கள். உடம்பெல்லாம் ஒரு சூடு பரவி, சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும், போயிருக்காது. ‘அடைப்பு இல்லை’ என்று இது சொன்னால் ஏறக்குறைய உறுதி. ஸ்காட்லாந்தில் 4,146 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. வழக்கமான பரிசோதனைகளோடு சி.டி.யும் எடுத்தவர்களில் ஐந்தாண்டுக்குள் இதயநோயால் இறந்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9 சதவீதம். குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட்டை அதிகம் பேருக்கு வைத்ததால் வந்த வித்தியாசமில்லை, அது இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். படத்தில் கொழுப்பைக் கண்ணால் பார்த்த பிறகு மருந்து எழுதுவது கூடியது.

இனி ஆஞ்சியோ: குழாயை உள்ளே நுழைத்து, சாயம் செலுத்தி, இதயத்தின் ரத்தக்குழாய்களைப் படமெடுப்பது. 1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற 25 வயது மருத்துவர், மேலதிகாரி தடுத்தும் கேட்காமல், தன் கை ரத்தநாளம் வழியாக 65 செ.மீ. நீளக் குழாயை இதயம் வரை நுழைத்துக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போய்ப் படம் எடுத்தார். தனக்குச் செய்யுங்கள் என்று முன்வந்த நர்ஸை மேசையில் கட்டிவைத்துவிட்டுத் தனக்கே செய்துகொண்டார்! நோபல் வந்தது 1956-இல். இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய்களைப் படம் பிடித்தது ஒரு விபத்து. 1958-இல் கிளீவ்லண்டில் மேசன் சோன்ஸ் வேறெதற்கோ சாயம் செலுத்தும்போது அது தவறி வலது இதயக் குழாய்க்குள் போய்விட்டது. நோயாளியின் இதயம் நின்றது. “இருமுங்கள்” என்று சத்தம் போட்டார். இருமினார், துடிப்பு திரும்பியது. அதுவரை ஆளைக் கொன்றுவிடும் என்று பயந்திருந்த வேலை அன்று முதல் பரிசோதனையாயிற்று.

இன்று பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகச் செய்கிறார்கள். மரத்துப்போக ஊசி, சின்ன உறை, உள்ளே குழாய். நோயாளி விழித்திருந்து திரையைத் தானே பார்க்கலாம். ஆபத்து முற்றிலும் இல்லாமல் இல்லை, பெரிய சிக்கல் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை மாத்திரை, சாய ஒவ்வாமை பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

“ஆஞ்சியோ பண்ணியாச்சு, இனி சந்தேகமே இல்லை” என்கிறோம். ஆனால் ஆஞ்சியோவில் தெரிவது சாயம் ஓடும் பாதை மட்டும். குழாயின் சுவர் தெரியாது. சுவருக்குள் கொழுப்பு வளரும்போது குழாய் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுத்துக்கொள்ளும், படத்தில் பாதை சீராகவே இருக்கும். மாரடைப்பு பல நேரம் பெரிதாகக் குறுகாத இடத்தில் ஒரு திட்டு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. போன வார நார்மல் ஈ.சி.ஜி.யின் கதையும் பெரும்பாலும் இதுதான்.

60 சதவீத அடைப்பு என்று கண்ணால் பார்த்துச் சொல்வதிலும் சிக்கல் உண்டு. அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கும் மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது, விகிதம் 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் அந்த அடைப்பு ரத்தத்தைத் தடுக்கிறது என்று கொள்வார்கள். அப்படி அளந்தபோது, 50 முதல் 70 சதவீதம் என்று கண்ணுக்குத் தெரிந்தவற்றில் மூன்றில் ஒன்றுதான் உண்மையில் தடுத்தது. “அடைப்பு இருக்கிறது, உடனே ஸ்டென்ட் வைத்துவிடலாம்” என்று மேசையில் படுத்திருக்கும்போதே கேட்டால், மாரடைப்பு நடந்துகொண்டிருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள். ஆம் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இல்லை, நிலையான நெஞ்சுவலிதான் என்றால் யோசிக்க நேரம் உண்டு. 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், அத்தகைய நோயாளிகளுக்கு மருந்தோடு ஸ்டென்ட்டோ பைபாஸோ சேர்த்ததால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை; அடிக்கடி வலித்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. இடது முதன்மைக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்கள் அந்த ஆய்விலேயே சேர்க்கப்படவில்லை, அவர்கள் கணக்கு வேறு.

ஆஞ்சியோ சுத்தமாக இருந்தும் வலி விடாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பெண்கள் அதிகம். படத்தில் தெரியாத நுண்குழாய்கள் சரியாக விரியாமலோ, பெரிய குழாய் அவ்வப்போது சுண்டி இழுத்துக்கொள்வதாலோ வரும் வலி அது. அதற்கும் பரிசோதனை உண்டு, மருந்தும் உண்டு. “உங்களுக்கு ஒன்றுமில்லை, மனசுதான் காரணம்” என்று ஃபைலை மூடிவிடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கடைசியாக, அந்த நார்மல் ஈ.சி.ஜி. தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிலருக்குப் பிறவியிலேயே கோடு கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். நடு ராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போகும்போது, இது புதிதா பழையதா என்று டியூட்டி டாக்டர் ஒரே பார்வையில் ஒப்பிட்டுச் சொல்ல அந்தத் தாள்தான் உதவும். வெப்பத்தில் அச்சாகும் தாள் என்றால் எழுத்து சில வருடத்தில் மங்கிவிடும். இன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.